சுவர்க்கோழி மாவு

நாள் 118 | காலை 06:20

புல் அறை 22 டிகிரி. மட்டித் தொட்டி: உப்பு சரி, நீர் தெளிவு. சுவர்க்கோழி அறை: உயிரோடு சுமார் ஒன்பதாயிரம். இன்று செத்தவை நானூற்றுப் பத்து.

இந்தக் குறிப்பைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் ஒன்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நான் புல் ஆராய்ச்சிக்காரி, பெயர் இந்திராணி. தானியப் புற்களை இனம் பிரித்துப் பெயர் வைப்பது என் தொழில். பூச்சி என் தொழில் இல்லை. பூச்சிக்காரர் சிறுநீரகக் கல் என்று போன கப்பலில் பூமிக்குத் திரும்பிவிட்டார், அவருடைய ஒன்பதாயிரம் சுவர்க்கோழிச் சனியன்களும் என் தலையில் விழுந்தன. தினமும் காலையில் கையுறை போட்டு அந்தப் பெட்டிகளுக்குள் கை விடுகிறேன். முழங்கை வரை ஏறுகின்றன. கருமம்.

ஆனால் அவை இல்லாமல் இங்கே சோறு இல்லை. செவ்வாய் மண்ணில் எந்தத் தானியமும் பால் பிடிக்காது. கதிர் வரும், உள்ளே பதர். தழை மட்டும்தான் மிச்சம். தழையை மனிதன் தின்ன முடியாது, சுவர்க்கோழி தின்னும். அதை உலர்த்தி அரைத்த மாவில்தான் எங்கள் கஞ்சியும் தோசையும். முதல் வாரம் முழுக்க வாந்தி எடுத்தேன். இப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறேன்.

தழை தருவது என் புல். குதிரைவாலியும் அதன் களையும் கலந்து இங்கே பிறந்த புது இனம். அதற்கு என் பெயரையே வைத்திருக்கிறேன், ஆசை யாரை விட்டது. இந்தப் புல்லை மட்டுமே தின்று சுவர்க்கோழி மூன்று தலைமுறை பிழைத்தால், பூமியிலிருந்து முப்பது பேர் இங்கே குடியேறக் கிளம்புவார்கள். அதற்கான சோதனை 96ஆம் நாள் தொடங்கியது. அதுவரை தீனியில் கலந்து வந்த மட்டி மாவை அன்றே நிறுத்திவிட்டேன்.

இங்கே என்னைத் தவிர இருக்கும் ஒரே ஆள், மட்டித் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் மச்சாது, தூத்துக்குடிக்காரர். கழிவுநீரை வடிகட்டுவது அவருடைய மட்டிச் சிப்பிகள்தான். நிறுத்தியதில் அவருக்குக் கோபம். இன்றும் உள் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்: "மட்டி மாவ மறுபடி போடுங்க மேடம். எங்கூர்ல கோழிக்கே மட்டிய இடிச்சுப் போடுவாக. வெறும் புல்லத் தின்னு எது உருப்பட்டுச்சு?"

மாடு உருப்படவில்லையா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

நாள் 122 | பிற்பகல் 14:05

மச்சாது இறந்துவிட்டார். தொட்டிக்குப் பக்கத்திலேயே, கையில் வலையோடு கிடந்தார். இதயம் என்று கருவி சொல்கிறது. நான் போனபோது உடம்பு குளிர்ந்திருந்தது.

16:30. பூமியிலிருந்து அவர் மனைவி பிலோமினாவின் செய்தி: "மேடம், அவுகள அங்க வெளிய போட்டுராதீக. மண்ணோ உப்போ, நம்மூர்க் கல்லறைத் தோட்டத்துலதான் அவுகள வைக்கணும். அடுத்த கப்பல்ல கொண்டாந்துருங்க. ஒங்களத்தான் நம்பியிருக்கேன்."

16:50. பூமியிலிருந்து திட்ட இயக்குநர் கதிரேசன்: "விதை அறை மைனஸ் பதினெட்டுல இருக்கு இந்திராணி. அங்க வச்சிடுங்க. கெடாது."

விதை அறையில் நாலாயிரம் வகைத் தானியம் இருக்கிறது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் விதை நெல் இருக்கும் அறைக்குள் செருப்புக்காலோடு போனாலே அடி விழும். பிணத்தையா வைப்பது? வைத்தேன். அரை மணி நேரம் வெளியே நின்றேன். வரகும் சாமையும் பிணத்தோடு கிடக்கிறது என்ற நினைப்பைப் பொறுக்க முடியவில்லை. இத்தனை படித்த எனக்கு ஏன் இப்படி என்று என்னையே திட்டிக்கொண்டுதான் அவரைத் திரும்ப இழுத்து வந்தேன்.

துணிப் பையில் போட்டு உலர் அறையில் வைத்திருக்கிறேன். சுவர்க்கோழிகளை மாவுக்கு முன் காய வைக்கும் அறை அது. ஈரமே இல்லாத காற்று நாள் முழுக்க ஓடும், உடம்பு கெடாமல் வற்றிவிடும். பூச்சி அறையிலிருந்து அங்கே வரும் குழாயை ரப்பர் மூடியால் அடைத்தேன். இனி பூச்சிகளை அடுப்பில் வறுத்துக்கொள்கிறேன். கதவுக்கு முத்திரை வைத்தாயிற்று, திறக்கப் போவதில்லை.

கதிரேசனுக்கு "வைத்தாயிற்று" என்று மட்டும் அனுப்பினேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

நாள் 139 | காலை 06:45

செத்தவை நாற்பத்திரண்டு. போன வாரம் முந்நூறு. பதினேழு நாளாகச் சாவு குறைந்துகொண்டே வருகிறது. தோலுரிக்கும்போது பாதியில் சிக்கிச் சாகும் நோய் போயே போய்விட்டது. புல் பழகிவிட்டது. மச்சாது இருந்தால் இந்தக் கணக்கை அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டியிருப்பேன்.

மட்டிகள் சரியில்லை. வாயைத் திறந்தால் மூட மறுக்கின்றன. மச்சாது அவற்றுக்கு என்ன பாசி, எவ்வளவு போட்டார் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, எல்லாம் அவர் கைப்பழக்கம். நான் குத்துமதிப்பாகப் போடுகிறேன்.

நாள் 173 | காலை 09:10

மட்டித் தொட்டி செத்துவிட்டது. ஆயிரத்து இருநூறு மட்டியும் ஒரே வாரத்தில் வாய் பிளந்தன. பாசியும் அழுகிப் போயிற்று. நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம். கஞ்சியில் நாறுகிறது, தலையணையில் நாறுகிறது, என் தலைமுடியில் நாறுகிறது. வாளி வாளியாக அள்ளி வெளியே கொட்டினேன். கொட்டிய பிறகும் நிலையத்தில் நாற்றம் போகவில்லை. ஓட்டு இடுக்கில் மிச்சம் இருக்கும்.

நல்ல செய்தி இது: சுவர்க்கோழி மூன்றாம் தலைமுறை முட்டையிட்டது. ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று இருக்கிறது. மாவிலும் முன்பு இல்லாத ஒரு ருசி, இரண்டாவது தோசை கேட்கிறது. "புல் மட்டும் போதும்" என்று அறிக்கை அனுப்பினேன்.

நாள் 182 | முற்பகல் 11:00

கதிரேசன்: "வாழ்த்துக்கள் இந்திராணி. முப்பது பேரும் கிளம்பியாச்சு. இருநூறு நாள்ல அங்க இருப்பாங்க. திரும்பி வர எரிபொருள் கிடையாது, அதனால உங்க புல்லுதான் இனி அவங்களுக்குச் சோறு."

இன்று மூன்று தோசை சாப்பிட்டேன்.

நாள் 241 | காலை 06:30

செத்தவை எண்ணூற்று ஐம்பது.

ஐந்து நாளாக ஏறிக்கொண்டே போகிறது. மறுபடி அதே சாவு. பழைய தோலில் பாதி உடம்பு மாட்டிக்கொண்டு, காலை உதைத்துக்கொண்டு. உயிரோடு இருப்பவை செத்தவற்றைத் தின்கின்றன. கிண்ணத்தில் புல் அப்படியே கிடக்கிறது.

நாள் 243 | பிற்பகல் 15:20

புல்லைக் கருவியில் போட்டுப் பார்த்தேன். இதை நூறு நாளைக்கு முன்பே செய்திருக்க வேண்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

ஸ்டீரால் என்று ஒரு கொழுப்பு. அது இல்லாமல் எந்தப் பூச்சியும் தோலுரிக்க முடியாது. மனித உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும். பூச்சிக்குச் செய்யத் தெரியாது, தின்றுதான் தீர வேண்டும். என் புல்லில் இருப்பது சுவர்க்கோழிக்குச் செரிக்காத வகை. மட்டி மாவில் நல்ல வகை இருந்தது. அதைத்தான் நான் நிறுத்தினேன்.

அப்படியானால் நடுவில் நூறு நாள் எதைத் தின்று கொழுத்தன?

17:05. உலர் அறையைத் திறந்தேன்.

ரப்பர் மூடியில் கட்டைவிரல் அளவு ஓட்டை. சுற்றிலும் கடித்த தடம். பைக்குள் எலும்பும் பல்லும் சட்டைப் பொத்தானும்தான் இருந்தன. தலைமுடிகூட இல்லை. எலும்பு கழுவி வைத்தது போலச் சுத்தமாக இருந்தது. இரண்டு சுவர்க்கோழிகள் விலா எலும்பில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. மட்டி நாற்றம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது மட்டி நாற்றம் இல்லை.

அவை அவரைத் தின்றன. நான் அவற்றைத் தின்றேன். தினமும், இரண்டு வேளை. ருசி என்று வேறு எழுதி வைத்திருக்கிறேன். சீ.

வாயில் விரல் விட்டு வாந்தி எடுத்தேன். நூறு நாள் தின்றது ஒரு வாந்தியில் வருமா? அது என் உடம்பாகவே ஆகிவிட்டது. என் தோலைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நாள் 244 | காலை 08:00

பிலோமினாவின் மாதச் செய்தி: "மேடம், அவுக நல்லா இருக்காகளா? எடம் பாத்து வச்சிட்டேன். எங்க மாமனாருக்குப் பக்கத்துல."



நாள் 246 | முற்பகல் 10:40

எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். கதிரேசனுக்கும், கப்பலுக்கும். விதை அறை, உலர் அறை, என் பொய், புல்லின் குறை, எதையும் மறைக்கவில்லை. பால் பவுடர், நெய், முட்டைப் பொடி, மிருகக் கொழுப்பு எது இருந்தாலும் ஒரு சொட்டு வீணாக்காதீர்கள், சுவர்க்கோழிக்கு வேண்டும் என்று கேட்டேன்.

கதிரேசன்: "சரக்குக் கப்பல் ஒண்ணு அனுப்புறோம். அவங்க இறங்கி நாற்பது நாள்ல வந்து சேரும். அதுவரைக்கும் எப்படியாவது ஓட்டுங்க. இந்த விஷயம் வெளிய போக வேண்டாம்."

கப்பல் தலைவர் முத்துலிங்கம்: "டாக்டரம்மா, நெய்யி ஒரு சொட்டு இல்ல. தீவாளிக்கே வழிச்சு நக்கியாச்சு. பாலு, முட்டை எதுவும் ஏத்தல, எல்லாம் ஒங்க மாவ நம்பித்தான். எறங்குறப்ப கையில பத்து நாள் சாப்பாடு இருக்கும். அப்புறம் முப்பது நாளு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும், தப்பா நெனைக்காதீங்க. மச்சாது சாரு எத்தன நாளைக்கு வந்தாரு?"

11:30. கேட்ட கேள்விக்குச் சரியான விடை தெரிந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. பள்ளிக்கூடத்திலிருந்தே இந்தப் புத்தி. அவர் எதற்குக் கேட்கிறார் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். எழுபது கிலோ உடல், ஒரு ஆளுக்கு நூற்று நான்கு நாள் மாவு என்று அனுப்பினேன். உலர்த்திய விதத்தையும் சேர்த்தே எழுதினேன்.

நாள் 301 | காலை 07:00

உயிரோடு அறுநூறு. முட்டைகளைக் குளிரில் வைத்திருக்கிறேன். என் முடி, நகம், பாதத்தில் சுரண்டிய தோல், எல்லாம் போடுகிறேன். பாய்ந்து வருகின்றன. இந்த வாசனை அவற்றுக்குப் பழகிவிட்டது.

மிச்ச மாவு டப்பா முழுக்க மச்சாதுவைத் தின்ற பூச்சிகளின் மாவு. தொட மாட்டேன் என்று பதினோரு நாள் இருந்தேன். பன்னிரண்டாம் நாள் தின்றேன்.

நாள் 344 | காலை 07:10

முத்துலிங்கம்: "டாக்டரம்மா, இங்க ஒருத்தரு தவறிட்டாரு. பேரு தவசிமணி, குழாய் வேலை பாக்கறவரு. வயசு முப்பத்தொண்ணு. வெளிய விடல. நீங்க எழுதுன மாதிரியே ஒலர வச்சிட்டோம். எழுபத்திரண்டு கிலோ. இது போதுமா?"

போன வாரம்தான் கப்பலின் மருத்துவப் பட்டியல் வந்தது. முப்பது பேருக்கும் "நலம்" என்று போட்டிருந்தது. தவசிமணிக்கு ஜலதோஷம்கூட இல்லை. முப்பத்தொரு வயது ஆள் தானாகச் சாகவில்லை. கொன்றிருக்கிறார்கள். நான் கொடுத்த கணக்கை வைத்துக் கொன்றிருக்கிறார்கள்.

07:25. போதும் என்று அனுப்பினேன். தாராளமாகப் போதும், இனி யாரும் வேண்டாம். பொய்தான். ஒருவர் மூன்று நாளைக்குத்தான் வருவார். மூன்று முறை தப்பாகத் தட்டினேன்.

07:41. முத்துலிங்கம்: "நாங்களும் கணக்குப் போட்டுப் பாத்தோம் டாக்டரம்மா. போதாதே. என்னையும் ஒங்களையும் சேத்து முப்பத்தொரு பேரு, முப்பது நாளு. ஆள் கொறையக் கொறையத் தேவையும் கொறையும், அதையும் கழிச்சாச்சு. மொத்தம் ஏழு. நேரா திங்க இங்க யாருக்கும் மனசு வராது, நாங்க ஒண்ணும் ராட்சசங்க இல்ல. பூச்சி வழியா வந்தா அது மாவு. நீங்களே தின்னவங்கதானே, ஒங்களுக்குத் தெரியாததா."



நாள் 380 | காலை 06:20

புல் அறை 22 டிகிரி. சுவர்க்கோழி இருநூற்று எண்பது. முட்டைகளை வெளியே எடுத்து வைக்கச் சொன்னார்கள். முதலில் நான் எடுக்கவில்லை. மொத்தத்தையும் அடுப்பில் போட்டுக் கொளுத்திவிடலாம் என்று இரண்டு தடவை போனேன். கொளுத்தினால் முப்பது நாளில் அத்தனை பேரும் சாவார்கள். கொளுத்தாவிட்டால் ஏழு. திரும்பி வந்துவிட்டேன். முட்டைகளை எடுத்து வைத்தேன். 28 டிகிரி. பொரிக்கும்.

ஆறு பேர் ஆகிவிட்டது, இன்னும் ஒருவர் பாக்கி. பெயர்களை அனுப்பினார்கள். ஆறில் ஒருவர் பெண், பத்மா.

06:50. முத்துலிங்கம்: "நாளன்னைக்கு எறங்குறோம் டாக்டரம்மா. கதவ உள்ளேர்ந்து பூட்டிக்காதீங்க, வெட்டித் தொறந்தா காத்துப் போயிரும், எல்லாருக்கும் நஷ்டம். பழைய பட்டியல்ல ஒங்க எடை அம்பத்தாறுன்னு போட்டிருக்கு. சரிதானே?"

07:02. சரியில்லை. நாற்பத்தேழு.

அனுப்பிவிட்டேன்.