அரைப் பேர்

நோர்வூட்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் வினோதாவுக்கு,

அம்மா நல்ல சுகம். நானும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். அந்தக் குளிரில் நீ தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். கடிதாசியைக் கண்டு பயந்துவிடாதே. போன் இருக்கிற காலத்தில் அப்பா ஏன் ஹம்பேர்க்குக்கு முத்திரை ஒட்டுகிறார் என்று நினைப்பாய். நீ கோல் எடுத்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். மெசேஜ் வந்தாலும் அவள்தான் முதலில் திறக்கிறாள். அவள் கண் படாமல் உன்னோடு பேச வேறு இடம் எனக்கு இல்லை. பெக்டரி மேல்மாடியில், தேயிலைக் கொழுந்து வாட வைத்திருக்கும் தட்டுகளுக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். காற்றாடி ஓடுகிறது. வெளியே மழை.

மழை இன்னும் விட்டபாடில்லை. கோயில் மதில் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு தனுஷிகாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, அம்மாதான் பிள்ளை பெற்றவளுக்குக் காய மருந்து இடித்துக் கொடுத்தாள். நீ அனுப்பிய களிம்பை முழங்காலுக்குப் பூசுகிறாள், அதே கையோடு லயத்து வீடுகளில் வலி என்று சொல்கிற எல்லோருக்கும் பூசிவிடுகிறாள், குப்பி பாதி முடிந்தது. இன்னொன்று அனுப்பச் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன்.

போன கிழமை நுவரெலியாவில் நடந்த மாநாட்டுக்குப் போய் வந்தேன். கொழுந்து பறிக்கிற இடத்திலிருந்து யாரோ குடிக்கிற கோப்பை வரைக்கும் போகிற வழியை எப்படிச் சீராக்குவது என்று இரண்டு நாள் பேசினார்கள். உன் படிப்பும் வேலையும் அதுதான். தோட்டத்துப் பெரிய துரை தனக்கு நேரமில்லை என்று சொன்னதும் நான் போகிறேன் ஐயா என்று முந்திக்கொண்டது அதனால்தான். ஒவ்வொரு ஞாயிறும் நீ சொல்லியும் எனக்கு விளங்காத வேலையை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடலாம் என்று. என் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை அம்மா அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் காய வைத்துக் கொடுத்தாள். புகை மணத்தோடு போனேன். வான் வண்டியில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தவர் கீழ்த் தோட்டத்து பெக்டரி ஜூட். தீபாவளிக்கு நம் வீட்டில் முறுக்குத் தின்றுவிட்டு நத்தாருக்குக் கேக்கோடு வருவாரே, அவர்தான். கோட்டப் போட்டுக்கிட்டு யாருக்குப் பொண்ணு பார்க்கப் போறீங்க அண்ணே என்று நானுஓயா வரைக்கும் ஒரே வம்பு. ஹோட்டல் வாசலில் மூன்று பாஷையிலும் பெரிய பதாகை. தமிழில் வழங்கல் சங்கிலி என்று இருக்க வேண்டியது வழுக்கல் சங்கிலி என்று இருந்தது. சரியாத்தான் போட்டிருக்கானுங்க, நம்ம ஆளுங்க புடிச்சா வழுக்கத்தானே செய்யும் என்றார் ஜூட். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே உள்ளே போனோம்.

காதில் ஒரு கருவி மாட்டிவிட்டார்கள். பேசுவதையெல்லாம் ஒரு பிள்ளை தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் நாள் முழுக்கக் கப்பல், பெட்டி, துறைமுகம். இரண்டாம் நாள் விளக்கைக் குறைத்துவிட்டு ஓர் அறிக்கையின் தலைப்பைத் திரையில் போட்டார்கள். கீழே அதைத் தயாரித்தவர்கள் மூன்று பேர். நடுவில் வினோதா சிவசாமி. உன் பேரை நான் முதலில் வாசிக்கவில்லை மகள், என் பேரைத்தான் வாசித்தேன். அத்தனை பெரிய எழுத்தில் என் பேரை எங்கும் கண்டதில்லை. ஜூட்டின் தொடையைப் பிடித்துவிட்டேன். அவர் எழும்பி, இது இவருடைய மகள் என்று சிங்களத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. நான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழும்பிக் கைகூப்பினேன். திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். வெளியே ஓடிப்போய் அம்மாவுக்குக் கோல் எடுத்தேன். அவள் கேட்டது என்ன தெரியுமா, முழுப் பேரா அரைப் பேரா என்று. மலையில் கொழுந்தெடுத்த காலத்துப் பேச்சு. நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர், பாதிச் சம்பளம். முழங்கால் வீங்கிய வருஷம் முழுக்க அவளுக்கு அரைப் பேர்தான் விழுந்தது. முழுப் பேர்தான் ஜீவராணி, எம்பேரும் சேர்ந்து வந்திருக்கு என்றேன். அவள் சிரிப்பு கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

திரும்பி உள்ளே போனபோது திரையில் நம் பெக்டரி. மூலையில் கலங்கலாக ஒரு பெருவிரல். அது என் விரல். மாசி மாதம் நீ கேட்டாயே, முன்னாலிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா என்று, அந்தப் போட்டோ. அடுத்ததாக நம் பள்ளத்தாக்கின் படம், நாலு பெக்டரி, நாலுக்கும் கோடுகள். அதற்கடுத்த படத்தில் ஒரு பெக்டரிதான் இருந்தது, அது நம்முடையது இல்லை. எல்லாக் கோடும் அதற்கே போனது. தேவையற்ற கணுக்களை நீக்கினால் என்று காதில் அந்தப் பிள்ளை சொன்னாள். எனக்குத் தெரிந்த கணு, செடியில் கொழுந்து விடுகிற இடம். இங்கே கணு என்றது பெக்டரியை என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு காரணங்களைச் சொன்னார்கள். மழைக்கு லொறி ஏறாத வளைவு. சாக்கில் காத்திருந்து சூடேறிப் போகிற கொழுந்து. எல்லாம் நான் சொன்னவை. லொறி எந்தப் பக்கமா வருதுப்பா, எங்கே நிற்குதுப்பா என்று நீ கேட்டுக் கேட்டு வாங்கினவை. படித்த பிள்ளை அப்பாவின் வேலையை விசாரிக்கிறாள் என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சொல்வதற்காகவே வாரம் முழுக்க லொறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் கணக்கில் பிழை இல்லை. அதையும் எழுத வேண்டும். அந்தப் படத்தை என்னிடம் கொடுத்திருந்தால் நானும் அதே கோட்டைத்தான் போட்டிருப்பேன். அழுதுகொண்டு போட்டிருப்பேன்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெரியவர் வந்து என் கையைக் குலுக்கி, அப்படியென்றால் எங்களுக்கு முன்னமே உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று சிரித்தார். ஜூட் பக்கத்தில் தட்டோடு நின்றார். அவருடைய பெக்டரியும் அழிந்த மூன்றில் ஒன்று. தெரியுமாண்ணே என்று ஒரு சொல் கேட்டார். சத்தியமா தெரியாது என்றேன். கேட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது டிரைவருக்குப் பக்கத்தில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். என் பக்கத்து இடத்தில் கோட்டை மடித்து வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா கேசரி கிண்டி லயம் முழுக்கக் கொடுத்து முடித்துவிட்டாள். உன் பேர் பெரிய திரையில் வந்தது, வெள்ளைக்காரர்கள் எழும்பிக் கைதட்டினார்கள் என்று சொல்லியிருக்கிறாள். அங்கே வெள்ளைக்காரர் ஒருவரும் இல்லை, நான் திருத்தவில்லை. எனக்கென்று எடுத்து வைத்த கேசரியை அவள் முன்னால் உட்கார்ந்து தின்றேன். என்னங்க ஒரு மாதிரி இருக்கீங்க என்றாள். பனி ஒத்துக்கல என்றேன். பெக்டரி மூடப்போவது இங்கே ஒருவருக்கும் தெரியாது. துரை வாய் திறக்கவில்லை, வருஷம் பிறக்கட்டும் என்று இருக்கிறார்போல. மூடினால் இந்தக் குவாட்டர்ஸும் நமக்கு இல்லை. அம்மா அடுப்படிக்குப் புதுத் தகரம் போடச் சொல்கிறாள், மழை விடட்டும் என்கிறேன். நான் எடுத்த அந்தப் போட்டோவை ஹட்டனில் பெரிதாக அடித்துக் கண்ணாடி போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டுமாம். ஆணியும் அடித்துவிட்டாள். ஸ்டூடியோவில் மெஷின் பழுது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வேலை போவதற்காக நான் இதை எழுதவில்லை மகள். மூடுகிற பெக்டரிகளைப் பார்த்துப் பார்த்தே எனக்கு வயதாகிவிட்டது. தெரிந்துகொண்டே எத்தனை ஞாயிறு என்னோடு பேசினாய் என்பதுதான். சாப்பிட்டீங்களா அப்பா. மழை எப்படி அப்பா. இன்னைக்கு லொறி நேரத்துக்கு வந்துச்சா அப்பா. இதில் எந்தக் கேள்வி எனக்கு, எது உன் கம்பனிக்கு என்று இங்கே உட்கார்ந்து பிரித்துப் பார்க்கிறேன். என்னால் முடியவில்லை. சாப்பிட்டீங்களா என்றது மட்டும் எனக்குத்தான் என்று எடுத்து வைத்திருக்கிறேன். இல்லையென்றால் சொல்லிவிடாதே.

எனக்கு நீ காரணம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அம்மாவுக்குச் சொல். துரையின் வாயாலோ, ஜூட் வீட்டிலிருந்தோ அவள் கேட்கக் கூடாது, உன் வாயால்தான் கேட்க வேண்டும். அவள் உன்னைத் திட்ட மாட்டாள். எழும்பி அடுப்படிக்குப் போவாள், நீ போனை வைத்துவிடாதே, அவள் திரும்பி வரும்வரை இரு. இது உன் கைக்கு வர இரண்டு மூன்று கிழமை போகும். அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றும் தெரியாதவன்போல உன்னோடு பேசிக்கொண்டிருப்பேன். நீ எப்படிப் பேசினாய் என்று எனக்கும் அப்போது தெரிந்துவிடும்.

கோபத்தில் எழுதியதாக நினைக்காதே, கோபமென்றால் போனிலேயே கேட்டிருப்பேன். நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஈரச் சப்பாத்தோடு இருக்காதே. அம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், உன் கை தொட்டதெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். மனதாரத்தான் எழுதுகிறேன். இதற்குப் பதில் கடிதாசி போட்டுவிடாதே, தபால் முதலில் அம்மா கைக்குத்தான் வரும். அவளுக்கு இன்னொன்றும் சொல்லிவிடு. அன்றைக்கு அவள் கேட்டதற்கு நான் தவறாகச் சொல்லிவிட்டேன். அந்தத் திரையில் உன்னுடையது அரைப் பேர்தான். மற்ற அரைப் பேரை அதற்கு உரியவனிடம் கேட்காமல் போட்டிருக்கிறார்கள். கேட்டிருந்தாலும், உன் பேருக்குப் பின்னால் என்றால், போட்டுக்கொள்ளம்மா என்றுதான் சொல்லியிருப்பேன்.

இப்படிக்கு,
மற்ற அரைப் பேர்,
அப்பா.