தெரியாத நம்பர் என்று விட்டுவிடாதே

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் கைக்குப் பழக்கம், இந்த முறையும் பேனா அங்கேதான் போகப் பார்த்தது, பிடித்து நிறுத்தினேன். எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். போன ஞாயிறு நீ போனில் தம்பி எங்கே என்று கேட்டபோது வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறான் என்று சொன்னேனே, அது பொய். சின்னவன் ஜெயிலில் இருக்கிறான். உட்கார்ந்துகொண்டு மீதியைப் படி. இதைச் சொல்லத்தான் அப்புறம் இரண்டு தடவை உனக்கு போன் போட்டேன், உன் குரலைக் கேட்டதும் வாயில் வந்ததெல்லாம் மழையும் வெயிலும்தான். மெசேஜில் அடிக்கலாம் என்றால் இந்தச் செய்தியை இரண்டு வரியில் அடிக்க விரல் வரவில்லை. அதனால்தான் கூரியர். வெள்ளிக்கிழமைக்குள் உன் கையில் கிடைத்துவிடும் என்று கூரியர் கடைக்காரர் அடித்துச் சொல்கிறார்.

நடந்தது இதுதான். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேர், கூட வர வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல் என்று நம் பையன் தனியாகப் போயிருக்கிறான். மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்து வேலை பார்த்தவன், ஏதோ ஒரு பாகம் வேண்டும் என்று கீழே வண்டிக்கு இறங்கியிருக்கிறான். கதவைப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும், பூட்டவில்லை. அந்த மாடியில் குடியிருந்த பெரியவர் ஒருவர் பால் வாங்கப் புறப்பட்டவர், லிஃப்ட் நிற்கிறது என்று நினைத்துக் காலை வைத்துவிட்டார். பிழைக்கவில்லை. சின்னவன் மேல் தப்பே இல்லை என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் போலீஸ் கேட்கும் முன்பே அவனே, நான்தான் சார் பூட்ட மறந்துட்டேன் என்று சொல்லியிருக்கிறான். இதைக் கேட்டு வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார், கொஞ்சம் வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே சார் என்று என்னைப் பார்த்து முறைக்கிறார், நான் என்னவோ பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்த மாதிரி. கம்பெனி கையைக் கழுவிவிட்டது. ஜாமீன் மனு அடுத்த வாரம் வருகிறது, கண்டிப்பாகக் கிடைக்கும் என்கிறார் வக்கீல், அவர் சொல்கிற வேகத்தைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

எனக்கு அழுகை வரவில்லையம்மா. கோபமும் வரவில்லை. ஊசி போட்ட பல் மாதிரி எல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது. ரிப்பேர் கடையைத் திறந்துதான் வைத்திருக்கிறேன், வீட்டில் இருந்து சுவரைப் பார்ப்பதற்கு அங்கே இருந்து பார்க்கலாம் என்று. நேற்று ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டுவிட்டு எந்த ஸ்க்ரூ எங்கே போகும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன், என் வாழ்நாளில் எத்தனை ஃபேன் பிரித்திருப்பேன் சொல். ஃபேனைக் கேட்டு வந்த பெண்மணி, அண்ணே குளிர்காலம் வந்தப்புறம் தர்றீங்களா என்று கிண்டலாகக் கேட்டார், சரிம்மா என்றேன். செத்துப்போனவர் வீட்டில் என்ன நிலைமையோ என்று நடுநடுவே தோன்றுகிறது, ஒருநாள் அந்தத் தெருமுனை வரைக்கும் போனேன், எந்த முகத்தோடு போய் நிற்பது, திரும்பி வந்துவிட்டேன். அம்மாவோ ஓய்வதே இல்லை, துவைத்ததையே துவைக்கிறாள், அவன் கட்டில் விரிப்பை மட்டும் இரண்டு முறை மாற்றிவிட்டாள், படுக்கத்தான் ஆளில்லை.

முதல் தடவை பார்க்கப் போனபோது எங்களுக்கு அங்கத்து சட்டதிட்டம் ஒன்றும் தெரியாது. அம்மா கல்யாணத்துக்கு அனுப்புகிற மாதிரி இஸ்திரி போட்ட சட்டை, பெல்ட், வீட்டில் போடுகிற பைஜாமா எல்லாம் அடுக்கிக்கொண்டு வந்தாள். வாசலில் இருந்த பெண் காவலர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். பெல்ட் ஆகாது. பைஜாமாவில் இருந்த நாடாவை உருவி எடுத்து அம்மா கையில் கொடுத்து, கயிறு எதுவும் உள்ள போகக் கூடாதும்மா, எலாஸ்டிக் வெச்சுக் கொண்டாங்க என்றார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். எதற்குக் கூடாது என்று அம்மா கேட்கவில்லை, அவளுக்குப் புரிந்துவிட்டது. வருகிற வழியெல்லாம் அந்த நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே வந்தாள். இப்போது எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்தாகிவிட்டது.

நேற்று முன்தினம் நான் மட்டும் போனேன். நடுவில் கண்ணாடி, இந்தப் பக்கம் ஒரு ரிசீவர் அந்தப் பக்கம் ஒரு ரிசீவர், வரிசையாக எல்லோரும் கத்திக்கொண்டிருக்கிறார்கள், நாங்கள் இரண்டு பேர்தான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். தாடி வளர்ந்திருக்கிறது. சாப்டியாடா என்றேன், ம் என்றான். தூங்கறியா என்றேன், தாடியைச் சொறிந்துகொண்டான். கொடுத்த நேரம் முடிகிற சமயத்தில், அக்கா நம்பர மாத்திட்டாளாப்பா என்று கேட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் சொன்னான். உள்ளே போகிற அன்றே வீட்டுக்குப் பேச ஒரு நம்பர் சொல்லச் சொல்வார்களாம், அவன் போனைத்தான் முதலிலேயே வாங்கி வைத்துவிட்டார்களே, எங்கள் நம்பர் அவனுக்கு மனப்பாடமாகத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது உன் நம்பர் ஒன்றுதான். அவன் ஸ்கூலுக்குப் போன புதிதில், நீ வேலைக்குச் சேர்ந்து முதல் போன் வாங்கிய கையோடு, தொலைஞ்சு போனா யார்கிட்டயாவது இந்த நம்பரச் சொல்லுடா, அக்கா வந்து கூட்டிட்டுப் போறேன் என்று பாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்தாயே, அதே ராகத்தில்தான் அதிகாரியிடம் ஒப்பித்தானாம். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்களாம். இரண்டு முறை உனக்கு அழைத்திருக்கிறான், மணி அடித்து அடித்து நின்றுவிட்டது, அத்தோடு அவன் முறை போயிற்று.

உன் மேல் குறை சொல்லவில்லை. தெரியாத நம்பரை எடுக்காதே என்று உனக்குப் படித்துப் படித்துச் சொன்னதே நான்தான். கொடுத்த நம்பரை இந்த மாதம் மாற்ற முடியாதாம், நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவனுக்கு அடுத்த முறை வருகிற ஞாயிறு காலை. தொல்லை அழைப்புகள் அதிகம், அந்தப் பழைய நம்பரை நிறுத்திவிடப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாய் அல்லவா, நிறுத்திவிடாதே. போனைக் கையிலேயே வைத்துக்கொள். குளிக்கப் போனாலும் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போ. எடுத்ததும் ஏண்டா இப்படிப் பண்ணினாய் என்று ஆரம்பிக்காதே, அதை அவனே ராத்திரி பகலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நீ அழுதால் அழு, பரவாயில்லை, வீட்டில் யாராவது அழத்தான் வேண்டும். அவன் ஒன்றும் பேசாமல் நின்றாலும் நீயாக வைத்துவிடாதே. குட்டி என்ன சேட்டை பண்ணினாள் என்று எதையாவது சொல்லிக்கொண்டிரு. அந்த நாடாவை எடுத்து வைத்திருக்கிறேன், வந்ததும் கோத்துத் தருகிறேன் என்று அம்மா சொல்லச் சொன்னாள், அதையும் மறக்காமல் சொல்.

நீயும் உன் வீடும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உடனே டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடி வராதே, தேவைப்பட்டால் நானே கூப்பிடுகிறேன். நம்பர் மாறவில்லை, அக்கா கண்டிப்பாக எடுப்பாள் என்று உன்னைக் கேட்காமலே அவனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா