வெளியே நிற்கிற ஆள்

நாகரசம்பட்டி
2.5.2025

அன்புள்ள ஆனந்தராஜுக்கு,

முனிவேல் எழுதுவது. கிழித்துப் போடாமல் கடைசி வரை படி. நீ போனில் என் நம்பரைத் தடுத்து வைத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. அதனால்தான் தபால்காரரை நம்பி எழுதுகிறேன்.

போன வாரம் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் உன் சம்சாரம், தங்கச்சி மாதேஸ்வரியைப் பார்த்தேன். என்னம்மா சௌக்கியமா என்று கேட்டதும் அங்கேயே அழுதுவிட்டாள். உன் வலது கை மரத்துப் போகிறதாம். டம்ளர் நழுவுகிறதாம், சட்டைப் பொத்தானைக்கூட அவள்தான் போட்டுவிடுகிறாளாம். கழுத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறது, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பார்க்காமல் ஆபரேஷன் செய்ய முடியாது, தள்ளிப் போட்டால் கை திரும்ப வராமலே போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நீ இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் பாதியில் இறங்கி வந்துவிட்டாயாம்.

ஏனப்பா இப்படி? கம்பெனி பெயிண்ட் ஷாப்பில் பதினோரு வருஷம் உன்னோடு ஒரே ஷிப்ட் பார்த்தவன் நான். எத்தனை பெயிண்ட் டேங்க்கில் இறங்கிச் சேறு வழித்தவன் நீ. அரை மணி நேரம் கண்ணை மூடிப் படுத்திருக்க முடியாதா? எங்கள் பக்கத்துத் தோட்டத்து நாராயணப்பனுக்கு எழுபது வயது. போன மாதம் இதே ஸ்கேன் எடுத்தார். உள்ளேயே தூங்கிவிட்டாராம், தட்டி எழுப்பினார்களாம்.

பழைய விஷயம் எதையும் இப்போது பேச வேண்டாம். உடம்புதான் முக்கியம். நம் மாந்தோப்பில் செந்தூரா பழுக்க ஆரம்பித்துவிட்டது, ஓசூர் பஸ்ஸில் ஒரு பெட்டி போட்டு அனுப்புகிறேன். கவிப்ரியா இப்போது பத்தாவதா, பதினொன்றா? கேட்டதாகச் சொல்.

உன்
முனிவேல்


ஓசூர்
11.5.2025

முனிவேலுக்கு,

மாம்பழம் வந்தது. கீழ் வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

எழுத்து கோணலாக இருக்கும். நாலு வரிக்கு ஒரு தடவை பேனா கீழே விழுகிறது. மாதேஸ்வரி எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். ஆனாலும் உனக்குப் பதில் எழுதாமல் விட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

கண்ணை மூடிப் படுத்திருக்க முடியாதா என்று கேட்கிறாய். அதைக் கேட்கிற ஆள் யார் பார்.

சொல்கிறேன், கேட்டுக்கொள். பெல்ட், மோதிரம், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறார்கள். பச்சை அங்கி ஒன்றைக் கொடுத்துப் பலகையில் படுக்க வைக்கிறார்கள். காதுக்கு இரண்டு பக்கமும் பஞ்சு திணித்து, முகத்துக்கு மேல் ஒரு கூண்டை மாட்டுகிறார்கள். மூக்குக்கும் அதற்கும் நாலு விரல் இடம் இல்லை. பயமாக இருந்தால் அமுக்குங்கள் என்று கையில் ஒரு ரப்பர் பந்து. வலது கையில் பலம் இல்லை என்று இடது கையில் வாங்கிக்கொண்டேன். பலகை தானாக உள்ளே போகிறது. தோள் இரண்டும் இடிக்கிறது. அவ்வளவுதான், நான் ஸ்கேன் சென்டரில் இல்லை, டேங்க்கில் இருக்கிறேன். மூடியைத் திருகுகிற சத்தம் கேட்கிறது.

முதல் தடவை நான் தாங்கியது ஒன்றரை நிமிஷம் என்று அங்கே மெஷினை ஓட்டுகிற முனிலட்சுமி என்கிற பொண்ணு சொன்னது. இரண்டாவது தடவை பயம் தெரியாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். எனக்கு முன்னால் நாலு பேர். பெஞ்சிலேயே குறட்டை விட்டுத் தூங்கினேன். என் முறை வந்தபோது மாத்திரை வேலை முடிந்து நான் நன்றாக முழித்துக்கொண்டேன். என் நேரத்தைப் பார்த்தாயா?

முழு மயக்கம் கொடுத்து எடுக்கலாம் என்கிறார் டாக்டர். முழித்திருக்கும்போதே என்னை உள்ளே வைத்து மூடினார்கள். மயங்கி வேறு படுக்க வேண்டுமா?

பழைய விஷயம் பேச வேண்டாமாம். உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். டேங்க்கில் இறங்குகிறவன் தன் பித்தளை டோக்கனைப் பக்கத்துப் பலகையில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். ஏறி வந்து அவன்தான் அதை எடுக்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. வெளியே நிற்கிற ஆள் நகரக் கூடாது. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பிப்ரவரியில் உள்ளே நான், வெளியே நீ. இரண்டு மணிச் சங்கு ஊதியதும் என் டோக்கனை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டாய். அடுத்த ஷிப்ட் திருமலை வந்தான். பலகை காலியாக இருந்தது, மூடியைப் போட்டுத் திருகிவிட்டான். அவன் மேல் தப்பு இல்லை. இருபது நிமிஷம் இருட்டில் இரும்பைத் தட்டித் தட்டி என் கை கிழிந்தது.

அதைக்கூட விட்டிருப்பேன். விசாரணையில் மேனேஜர் முன்னால் நீ என்ன சொன்னாய்? "அவனேதான் சார் டோக்கனை எடுத்துக்கினு போகச் சொன்னான்." தோப்புக்காரர் மகன் சொன்னதை நம்பினார்கள். எனக்கு மெமோ. விதியை மீறியவன் என்று என் ஃபைலில் இன்றைக்கும் இருக்கிறது. இரண்டு மாதத்தில் நீ வேலையை விட்டுவிட்டு மாமரத்து நிழலுக்குப் போய்விட்டாய். நான் எங்கே போவேன்?

இனி எழுதாதே.

ஆனந்தராஜ்


நாகரசம்பட்டி
19.5.2025

அன்புள்ள ஆனந்தா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். கோபம் உனக்கு மட்டும்தான் வருமா?

பதினோரு வருஷமும் நம் வழக்கம் என்ன? சங்கு ஊதினால் நீ முதலில் ஓடிப் போய் பஸ்ஸில் நம் சீட்டில் துண்டு போடுவாய். இரண்டு பேர் டோக்கனையும் டைம் ஆபீசில் கொடுத்துவிட்டு நான் வந்து உட்காருவேன். நாம் இரண்டு பேரும் ஒரு நாளாவது நின்றுகொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறோமா? அன்று தண்ணீர் வால்வை மூடப் பின்பக்கம் போயிருந்தேன். சங்கு ஊதியது. நீ ஏறி ஓடியிருப்பாய் என்று நினைத்துக் கை தானாகப் பலகைக்குப் போய்விட்டது. பஸ்ஸில் ஏறினால் சீட்டில் துண்டு இல்லை. அந்த நிமிஷமே குதித்து ஓடி வந்தேனே, மூடியைத் திறந்தது நான்தானே? அதை மட்டும் ஏன் எழுதாமல் விட்டாய்?

விசாரணை நேரத்தில் என் தங்கை கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேலை போய்விடும் என்று அப்பா வேறு கத்தினார். சூழ்நிலை அப்படி, எதையோ சொல்லிவிட்டேன். அதற்காக நாலு வருஷமா?

என் மேல் இருக்கிற கோபத்தில் உன் கையை இழக்காதே. மயக்கம் கொடுத்தாவது எடுத்துக்கொள்.

முனிவேல்


ஓசூர்
3.6.2025

முனிவேலுக்கு,

இதை எழுதுவது கவிப்ரியா. அப்பாவால் இப்போது பேனா பிடிக்க முடியவில்லை. சொல்வதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதச் சொல்லியிருக்கிறார்.

நேற்று மூன்றாவது தடவையாகப் போனேன். மாதேஸ்வரியையும் உள்ளே விட்டார்கள். என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பது நிமிஷம் தாங்கினேன். பிறகு பந்தை அமுக்கிவிட்டேன். அசைந்ததால் எடுத்த படமும் வீண். வெளியே வந்தால் அடுத்து இருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நாற்பத்து நாலு வயது ஆள் அங்கியோடு நின்று அழுதால் சிரிக்காமல் என்ன செய்வார்?

மாதேஸ்வரி காலைப் பிடித்திருந்தும் ஏன் முடியவில்லை என்று ராத்திரி அவளே கேட்டாள். அவளிடம் சொல்ல முடியாததை உனக்குச் சொல்கிறேன். கண்ணை மூடினால் வெளியே நிற்பது அவள் இல்லை. நீ. நிற்கிறாய், நின்றுகொண்டே இருக்கிறாய், பிறகு போய்விடுகிறாய். நான் எத்தனை தடவை படுத்தாலும் நீ போய்விடுகிறாய். என்ன இழவு இது?

மூடியைத் திறந்தது நீ என்று எனக்குத் தெரியும். வெளிச்சத்தில் முதலில் தெரிந்ததே உன் முகம்தான். அழுதுகொண்டிருந்தாய். அந்த முகம்தான் எட்டு நாள் கழித்து மேனேஜர் முன்னால் அப்படிச் சொன்னது. என்னால் தாங்க முடியாதது அதுதான்.

எதையோ சொல்லிவிட்டேன் என்று எழுதுகிறாய். எதை? அதை எழுது. உன் அப்பா வேண்டாம், தங்கை கல்யாணம் வேண்டாம், சூழ்நிலை வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுது.

ஆனந்தராஜ்

மாமா, இது நானாக எழுதுவது. மாம்பழத்தில் ஆறு எடுத்து அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருந்தோம். அப்பா கண்டுபிடித்துத் திட்டிவிட்டு இரண்டு தின்றார். டாக்டர் இந்த மாதத்துக்குள் எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.


நாகரசம்பட்டி
9.6.2025

ஆனந்தா,

நீ டோக்கனை எடுக்கச் சொல்லவில்லை. நானாக எடுத்தேன். எடுப்பதற்கு முன்னால் குனிந்து ஒரு தடவை உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. கூப்பிட்டிருந்தால் நீ பதில் சொல்லியிருப்பாய். விசாரணையில் நான் சொன்னது பொய். பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

இதே வரிகளைக் கம்பெனிக்கும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ரசீது இதோடு வைத்திருக்கிறேன். ஃபைலைத் திருத்துவார்களா, குப்பையில் போடுவார்களா தெரியாது.

நிழல் தேடி நான் வேலையை விடவில்லை. தினமும் டைம் ஆபீசில் உன் டோக்கனும் என் டோக்கனும் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தொங்கும். என்னால் பார்க்க முடியவில்லை. உன்னிடம் வந்து சொல்வதற்குப் பதில் ஓடிவிட்டேன். மூன்று தடவை மூக்கண்டப்பள்ளி வரை வந்து உன் தெரு முனையிலிருந்து திரும்பியிருக்கிறேன்.

ஸ்கேனுக்கு நான் வந்து வெளியே நிற்கட்டுமா? வேண்டாம் என்றாலும் கோபப்பட மாட்டேன்.

முனிவேல்


ஓசூர்
14.6.2025

முனிவேலுக்கு,

(கவிப்ரியா எழுதுவது. அப்பா சொல்கிறார்.)

20ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். வா. வேறு வழி இல்லாமல்தான் கூப்பிடுகிறேன். ஊரில் இத்தனை பேர் இருக்க உன்னைப் போய்க் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

சட்டை, செருப்பு வைக்கிற அலமாரிக்கு அங்கே ஒரு பிளாஸ்டிக் டோக்கன் தருவார்கள். அதை உன் கையில் கொடுப்பேன். கதவுக்குப் பக்கத்தில் நில். உட்காராதே. தண்ணீர் குடிக்கப் போகாதே. போன் வந்தால் எடுக்காதே. நான் வந்து கை நீட்டினால் தவிர யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

என்னிடம் பேசவும் வேண்டாம்.

ஆனந்தராஜ்


ஓசூர்
10.8.2025

அன்புள்ள முனிவேலுக்கு,

கவிப்ரியா இல்லை, நானே எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்து நாலு வாரம் ஆகிறது. காலையில் ஆரம்பித்த கடிதம், மத்தியானம் இரண்டு வாய் தின்றுவிட்டுத் திரும்ப உட்கார்ந்திருக்கிறேன். பேனா இரண்டு தடவைதான் விழுந்தது. சட்டையில் மேல் பொத்தானை நானே போடுகிறேன். கீழ் மூன்று இன்னும் வரவில்லை.

ஸ்கேன் அன்று நான் சொன்னபடியே நீ வாயே திறக்கவில்லை. நானும் டோக்கனை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டேன். ஆனால் உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

கூண்டு மாட்டிப் பலகை உள்ளே போனதும் பழையபடியே மூச்சு முட்டியது. இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் படுத்த மாதிரி சத்தம். நீ நிற்கிறாய், நிற்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் போயிருக்கும். சத்தம் நின்றது. நீ போய்விட்டாய் என்று தோன்றியது. ரப்பர் பந்தைப் பாதி அமுக்கிவிட்டேன். அந்த நேரம் முனிலட்சுமி என்னிடம் பேச மைக்கைப் போட்டிருக்கிறது, அதற்குள் வெளியே ஏதோ தகராறு. மைக்கை அணைக்க மறந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கு எல்லாம் கேட்டது.

"அந்த டோக்கனைக் குடுங்க சார், அவரு துணிய வேற அலமாரிக்கு மாத்தணும்" என்று அங்கே துணி வாங்கி வைக்கிற அம்மா கேட்டது. நீ முடியாது என்றாய். ஆபீஸ் ஆளைக் கூப்பிடுவேன் என்று அது கத்தியது.

"யாரை வேணா கூப்பிடும்மா. உள்ள ஆளு இருக்கறான். அவன் வந்து கேட்டாத்தான் குடுப்பன்."

பந்திலிருந்து கையை எடுத்துவிட்டேன். பிறகு இன்னும் இருபது நிமிஷம் சத்தம் போட்டது. போடட்டும் என்று படுத்திருந்தேன். தூங்கினேன் என்று சொன்னால் பொய். அழுதேன். அசையாமல் அழ எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது.

வெளியே வந்து கை நீட்டியபோது டோக்கன் உன் வியர்வையில் நனைந்திருந்தது.

கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். உன் கடிதத்தையும் என் ஃபைலில் சேர்த்திருக்கிறார்களாம். மெமோவைக் கிழிக்கவில்லை, பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். இரண்டும் இருக்கட்டும். எனக்குள்ளேயும் இரண்டும் இருக்கிறது. கோபம் போய்விட்டது என்று எழுத மனம் வரவில்லை. சில நாள் காலையில் எழுந்ததும் வருகிறது. வந்தால் திட்டுவேன். நம்பரைத் திறந்துவிட்டேன், திட்ட வசதியாக இருக்கும்.

நரம்பு நசுங்கல் முழுசாக விட்டிருக்கிறதா என்று பார்க்க டிசம்பரில் மறுபடியும் அதே ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். கேட்டதும் முடியாது என்றேன். மாதேஸ்வரி உடனே அண்ணனுக்குச் சொல்லுங்க என்றாள்.

தேதி தெரிந்ததும் சொல்கிறேன். காலை முதல் பஸ்ஸில் வா. அந்த ஸ்கேன் சென்டரில் காத்திருக்க இருப்பது ஒரே பெஞ்சு, எப்போதும் கூட்டம். நான் முன்னாலேயே போய் உனக்கும் சேர்த்துத் துண்டு போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
ஆனந்தராஜ்