பாவாயி வீட்டுக் கேள்வி

பரமத்தி வேலூர்,
திங்கட்கிழமை

என் கண்ணு சௌமியாவுக்கு அம்மாயி செல்லியம்மாள் எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் அது பொய். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று தெரிந்தால் போதும்.

ஒன்பது நாளாக நீ ஃபோனை எடுக்கவில்லை. அதனால்தான் மூன்றாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதி, உன்கூடப் படிக்கும் கௌதமன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

கம்ப்யூட்டருக்குள் திருடன் நுழையாமல் தடுக்கும் பயிற்சிக்கென்று சென்னைக்குக் கிளம்பும்போது நீதான் சொன்னாய், ஓடிபி யார் கேட்டாலும் சொல்லாதீங்க, என் குரலில்கூடத் திருடன் பேசுவான் என்று. சந்தேகம் வந்தால் நமக்கு மட்டும் தெரிஞ்சதைக் கேளுங்க என்றாய். அதைத்தான் செய்தேன்.

அன்றைக்குப் புது நம்பரிலிருந்து உன் குரல் வந்தது. அடுத்த கட்டப் பயிற்சிக்குப் பேர் பதியோணும், பதிவுல உங்க நம்பர்தான் இருக்குது, ஓடிபி உங்க ஃபோனுக்கு வந்திருக்கும், வெரசாச் சொல்லுங்க அம்மாயி என்றது. பாவாயி வீட்டில் நாம் ஏன் கை நனைப்பதில்லை என்று கேட்டேன். அதெல்லாம் ஆருக்கு ஞாபகம் இருக்குதுங்க என்றது குரல். என் பேத்திக்கு மறக்காதுடா திருட்டு நாயே என்று வைத்துவிட்டேன். மறுபடி அடித்ததையும் எடுக்கவில்லை.

உன் அம்மா கல்யாணப் பந்தியில், இது ரசமா காவிரித் தண்ணியா என்று அத்தனை பேர் முன்னால் பாவாயி கேட்டாள். இருபத்துநாலு வருஷம் ஆகிறது. நீ பிறக்கும் முன்னே நடந்ததுதான், ஆனால் நான் அத்தனை தடவை சொன்னதை நீ மறந்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை சாமி.

நேற்று கௌதமன் வந்துதான் சொன்னான். வகுப்பில் ஃபோனை வாங்கி வைத்துவிடுவார்களாம். அதனால் நீ பயிற்சி நடத்தும் மேடம் ஃபோனில் பேசினாயாம். அன்றைக்கே ஐந்து மணியோடு பட்டியலை மூடிவிட்டார்களாம். நம் மாதிரி வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே நடத்தும் பயிற்சியில், முதல் மார்க் வாங்கியும் உன் பெயர் இல்லை. இனி ஊருக்கே வரலைன்னு சௌமியா சொல்லுதுங்க அம்மாயி என்றான்.

உடனே அந்தப் புது நம்பருக்கே அடித்து மேடத்திடம் பேசினேன். தப்பு என்னுடையது, பிள்ளையைத் தண்டிக்காதீங்க என்றேன். இதுவரை யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. ஒரு பெண் விலகிவிட்டதாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை அந்த இடம் உனக்காம். பதிந்தால் ஓடிபி இந்த ஃபோனுக்குத்தான் வரும்.

கொடிக்காலுக்கு வெற்றிலை கிள்ளப் போகவில்லை. ஃபோன் மடியிலேயே இருக்கிறது. நீ வரமாட்டாய் என்று தெரிந்தும், நாமக்கல் பஸ் நிற்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன்.

எந்த நம்பரில் வந்தாலும் எடுப்பேன். ஒன்றும் கேட்கமாட்டேன். திட்டுவதற்காவது கூப்பிடு சாமி. காவிரியம்மா உன்னைக் காக்கட்டும்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அம்மாயி செல்லியம்மாள்