சேகர் காதில் விட்ட எண்ணெய்

2-7-84, திங்கள்

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், மகன் கோவிந்தன், மருமகள் சரசு, பேரன் சேகர், காலையிலேயே வந்துவிட்ட என் தங்கை ஜெகதா. வேறு யாருமில்லை. பின்னால் ஒருத்தரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

மூட்டம். துணி காயவில்லை.

நாளை சேகருக்குக் கடற்படையில் உடல் பரிசோதனை. எழுத்துப் பரீட்சை பாஸ். ஓட்டம் பாஸ். இது ஒன்றுதான் பாக்கி. அடுத்த மாதம் வயது தாண்டுகிறது, இன்னொரு தடவை கிடையாது. விட்டால் சனத்நகர் பட்டறையில் லேத்து ஓட்டுவதுதான்.

வந்த காகிதத்தை சரசு படித்தாள். நகம் வெட்ட வேண்டும். பல் சுத்தம். காதில் அழுக்கு இருக்கக் கூடாது.

காது என் வேலை. நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஆறவிட்டு, இரண்டு காதிலும் விட்டேன். பஞ்சு அடைத்தேன்.

"நக்கோ ஆயா, வேணாம், கழுத்தெல்லாம் வழியுது."

"படுடா. உங்கப்பனுக்கும் இப்படித்தான் விட்டேன். ரயில்வேல எடுக்கலையா?"

ஜெகதா பக்கத்திலேயே உட்கார்ந்து வடை தின்றாள். மூன்று. வாயே திறக்கவில்லை. பல்வலி என்று நினைத்தேன்.

3-7, செவ்வாய்

தூறல். மதியமே திரும்பிவிட்டான். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

உயரம் சரி. மார்பு சரி. கண் சரி. முட்டி இடிக்கவில்லை. பல்லைக்கூட எண்ணினார்களாம். காதில் விளக்கு வைத்த இடத்தில் நின்றுபோனது.

"காதா, எண்ணெய்க் கடையான்னு டாக்டர் இந்தில கேட்டாரு ஆயா. செவிப்பறையே தெரியலையாம். வரிசையே சிரிச்சுது."

12ஆம் தேதி மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றும் தெரியாவிட்டால் அவ்வளவுதான்.

கோவிந்தன் என்னைப் பார்த்தான். பார்க்கட்டும். எண்ணெய் கூடாது என்று காகிதத்தில் இருந்ததா?

4-7, புதன்

மோண்டா மார்க்கெட்டில் காது குடைகிறவனிடம் கூட்டிப் போகிறேன் என்றான் கோவிந்தன். குறுக்கே நின்றேன். கம்பி பட்டுக் கிழிந்தால் யார் பதில் சொல்வது? ரயில்வே ஆஸ்பத்திரி கம்பவுண்டர் யூசுப் பாயிடம் நானே இழுத்துக்கொண்டு போனேன்.

பார்த்தார். சிரித்தார். "மருந்து தர்றேன், தினம் விடுங்க. ஒரு வாரத்துல ஊறிடும். வெந்நீர் அடிச்சு எடுத்துடலாம். போன வருஷம் உங்க தங்கச்சி பேரன் பிரபுவும் இதே மாதிரி வந்தான். அதே கடற்படை, அதே எண்ணெய். அவன் மறுபடி வரச் சொன்ன தேதி தாண்டித்தான் என்கிட்ட வந்தான் பாவம்."

"பிரபுவா?"

"ஹவ் அம்மா, அவனேதான். உங்களுக்குத் தெரியாதா?"

கப்பல் சாப்பாடு ஒத்துக்காது, அவனே வேண்டாம் என்று வந்துவிட்டான். இதுதான் ஜெகதா ஊர் முழுக்கச் சொன்ன கதை.

5-7, வியாழன்

சிலகலகூடா போனேன். ஜெகதா வீடு. உட்காரவில்லை.

"நான் எண்ணெய் விடும்போது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"அப்ப வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"சொன்னா பிரபு கதையையும் சொல்லணும். அவனுக்குப் பொண்ணு பேசிட்டிருக்கோம்." அப்புறம் முந்தானையைத் திருகினாள். "உன் பேரன் மட்டும் வெள்ளை டிரெஸ் போட்டுட்டு வந்து நின்னா, எங்க பையன்..."

எனக்கு அது போதும்.

11-7, புதன்

வெந்நீர் அடித்தாயிற்று. கறுப்பாக உருண்டை உருண்டையாக விழுந்தது. அடுப்படியிலிருந்து முணுமுணுத்தேன், "டேய், சோறு ஆறுது." கூடத்திலிருந்து, "வர்றேன் ஆயா." போதும். நாளை இவனை எடுப்பார்கள்.

12-7, வியாழன்

நல்ல வெயில். எடுத்துவிட்டார்கள்.

பல வருஷத்துக்கு வேலையை நடுவில் விட்டுவிட்டு வர முடியாதாம். சம்மதக் காகிதத்தில் கோவிந்தன் கையெழுத்துப் போட்டான். போனதும் தலையை ஒட்ட வெட்டுவார்களாம். நீச்சல் தெரியாதவனையும் தண்ணீரில் இறக்கிவிடுவார்களாம். இறக்கட்டும். என் பேரன் மிதப்பான்.

சாயங்காலம் ஜெகதா வந்தாள். கையில் ஜாங்கிரி. அழுதாள். சேகர் அவள் காலில் விழுந்தான். சரசு அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். கோவிந்தன் நாற்காலி போட்டான்.

"விடு ஆயா. அதான் ஆயிடுச்சுல்ல."

ஆகிவிட்டது. அதனால் காப்பி கொடுத்தேன், சர்க்கரையும் போட்டே கொடுத்தேன். மன்னிக்க மாட்டேன், ஜெகதாவை.