மூன்றாம் கியரில் நீ சொன்னது

சண்டை பிடிக்க ஆளில்லாமல் என்னைத் தனியே விட்டுப் போன என் அருமை மச்சாள் பரிமளத்துக்கு,

முற்றத்தில் உன்னுடைய வான் வண்டி நிற்கிறது. நீ கட்டிவிட்ட சீலைத் திரை, கட்டிலுக்குக் கீழே நீ அடுக்கிய சட்டி பானை, பின்கதவில் நீயே ஆணி அடித்துப் பொருத்திய மடக்கு மேசை, எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன. பற்றரி இறங்கிவிடக்கூடாது என்று கிழமைக்கொரு தரம் சந்தை வரைக்கும் ஓட்டிப்போய் வருகிறேன். ஓம், நான்தான் தனியே ஓட்டுகிறேன். சிரிக்காதே.

மூன்றாம் கியர் போட்டால் அது போடுகிற சத்தம் உனக்குத் தெரியும்தானே? இப்போது இன்னும் கூடிவிட்டது. போன கிழமை சந்தையில் மீன் விற்கிற பெண் என்னைப் பார்த்து, “அரைக்கிற மில்தான் றோட்டாலை வருகுதோ எண்டு பாத்தன் அக்கா” என்றாள். எனக்கு முகம் கறுத்துப் போனது. உன் வானை ஒருவர் பழிக்க நான் கேட்டுக்கொண்டு நின்றேனே!

ஒன்றில் கியர் பொக்ஸை இறக்கி, கழற்றி, தேய்ந்ததெல்லாம் மாற்றிப் பூட்ட வேண்டும். இல்லையென்றால் வானைக் கொடுத்துவிட வேண்டும். சண்டிலிப்பாயில் இருந்து தோட்டக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். கட்டிலையும் மேசையையும் கழற்றி எறிந்துவிட்டு, கோவா, கத்தரிக்காய் என்று மரக்கறி ஏற்றப்போகிறாராம். சத்தம் போடும் என்று உண்மையைச் சொன்னேன். “அது பறவாயில்லை, கோவாவுக்குக் காது இல்லைத்தானே” என்றார். நல்ல மனிதர்தான். ஆனாலும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

கனடாவில் இருந்து என் மகனும் தினம் இதையேதான் கதைக்கிறான். “அம்மா, மாமி இல்லாமல் அந்த வானிலை எங்கை போகப்போறியள்? குடுத்துப்போட்டு நிம்மதியாய் இருங்கோ.” வீட்டுக்குள்ளே நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு நிம்மதி என்று பெயர் வைத்திருக்கிறான். உன் அண்ணை செத்து நான் தாலி கழற்றிய பிறகு ஐந்து வருஷம் நான் அப்படித்தான் இருந்தேன். நீதான் ஆஸ்பத்திரி வேலையில் இருந்து ஓய்வு பெற்ற கையோடு இந்தப் பழைய வானை வாங்கிக்கொண்டு வந்து, “ஏறு மச்சாள்” என்றாய்.

இந்த முடிவு எனக்கு ஏன் இவ்வளவு கஷ்டம் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

மன்னாரில் இருந்து திரும்பி வந்த அந்தக் கடைசிப் பயணம். பூநகரி வீதியில் மாடுகள் குறுக்கே வர, நீ மூன்றாம் கியருக்கு இறக்கினாய். வான் ஊளையிட்டது. அந்த நேரம் பார்த்து, வீதியை விட்டுக் கண்ணை எடுக்காமல், நீ என்னிடம் ஏதோ சொன்னாய். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: “நான் போனாப்பிறகு நீ இந்த வானை வி…”

மிச்சத்தைக் கியர் பொக்ஸ் விழுங்கிவிட்டது.

நான் “ஓம்” என்றேன். எல்லாவற்றுக்கும் சொல்கிற ஓம்தான். என்ன என்று திருப்பிக் கேட்டால் நீ, “காதை எங்கை வைச்சிருக்கிறாய்?” என்று பாய்வாய். அதனால் அந்த வானுக்குள் கேட்காத எதற்கும் ஓம் போடப் பழகியிருந்தேன். நீ ‘போனாப்பிறகு’ என்றது கொழும்புக்குக் கிளினிக் போவதைப் பற்றி என்று நினைத்தேன். “நல்லது, சொல்லிப்போட்டாய், இனி மாறக்கூடாது” என்றாய். அது மட்டும் தெளிவாகக் கேட்டது. இரண்டு மாதத்தில் உன் நெஞ்சு நின்றுவிட்டது. நீ நேர்ஸ். உனக்குத் தெரிந்திருக்கிறது.

வித்துப்போடு என்றாயா? விக்காதை என்றாயா? எங்கள் பேச்சில் செய் என்பதும் செய்யாதே என்பதும் சொல்லின் வாலில்தானே வருகிறது. தலையை மட்டும் கேட்டுவிட்டு நான் என்ன செய்ய? எதற்கு ஓம் சொன்னேன் என்று தெரியாமலே உனக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே, மச்சாள்.

நேற்று முன்தினம் குருநகருக்கு ஓட்டிப் போனேன். வள்ளங்களின் எஞ்சினும் வானும் பார்க்கிற அமலன் என்ற மெக்கானிக்கைச் சொன்னார்கள். என்னைப் பக்கத்தில் இருத்தி, கடற்கரை வீதியால் ஓட்டிப் பார்த்தான். “மூண்டிலை மட்டும்தான் அன்ரி. நாலுக்குப் போனால் அடங்குது. ஆரோ கனகாலமா மூண்டிலையே வைச்சு ஓட்டியிருக்கினம்.”

நான் கடலைப் பார்த்தேன். எனக்கு ஓட்டப் பழக்கிய நீ, நாலாம் கியரைத் தொட விட்டாயா? “உன்ரை கைக்கு மூண்டு காணும்” என்றாயே! மூன்று வருஷம் அதிலேயே உருட்டி அதைத் தேய்த்தது நான்தான். அதையும் இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு ஒரு பைத்தியக்கார வேலை செய்தேன். “தம்பி, ஒரு உதவி. மூண்டிலை ஓட்டிக்கொண்டு, என்னைப் பாராமல், ஒண்டில் ‘வானை வித்துப்போடு’ எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி ‘வானை விக்காதை’ எண்டு சொல்லுங்கோ. மூண்டு தரம்.”

“அன்ரி, உங்களுக்கு ஒண்டும் இல்லைத்தானே?”

“ஒண்டுமில்லை. சத்தமாச் சொல்லத் தேவையில்லை. சாதாரணமாச் சொல்லுங்கோ.”

பாவம், சொன்னான். வான் ஊளையிட, அவன் வாய் அசைந்தது. ஒவ்வொரு தரமும் நான் காதைக் கூர்மையாக்கிக் கேட்டுவிட்டுச் சொன்னேன்: விக்காதை. விக்காதை. விக்காதை.

அமலன் வேகத்தைக் குறைத்தான். “அன்ரி, நான் மூண்டு தரமும் வித்துப்போடு எண்டுதான் சொன்னனான்.”

நான் அழுதுவிட்டேன், மச்சாள். உன் செத்தவீட்டில்கூட அப்படி அழவில்லை. அவன் வானை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப்போய், காற்றுக் கொஞ்சமும் குறையாத ரயரைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அழுது முடிய எனக்கு விளங்கியது. என் காது கேட்டது என் ஆசையைத்தான். நீ வித்துப்போடு என்றுதான் சொல்லியிருப்பாய். நான் தனியே ஓட்டிப்போய் எங்காவது வாய்க்காலுக்குள் விழுவேன் என்று உனக்குப் பயம். நீ சொன்னது தெளிவாகக் கேட்டிருந்தால் அன்றைக்கே “மாட்டன்” என்று சொல்லியிருப்பேன். இறங்கும்வரை சண்டை பிடித்திருப்போம். அந்தச் சண்டையும் கிடைக்காமல் போய்விட்டது.

அமலனைக் கூப்பிட்டு, “கியர் பொக்ஸை இறக்குங்கோ” என்றேன். கழற்றினால் இன்னும் என்னென்ன தேய்ந்திருக்கிறது என்று தெரியவரும், சாமான் வர நாள் எடுக்கும் என்றான். எடுக்கட்டும். சண்டிலிப்பாய்க்காரருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டேன். மகனுக்கு இன்னும் சொல்லவில்லை. கத்துவான்.

இந்த முறை என்னவென்று தெரிந்தே உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வான் திருந்தி வந்ததும் பூநகரி வீதியால் மன்னாருக்குப் போவேன். நானே ஓட்டுவேன். நாலாம் கியரும் போடுவேன். பயமாகத்தான் இருக்கிறது, போவேன்.

உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். நாற்பது வருஷம் உன் கோபத்தோடு சீவித்தவள் நான். கோபிக்க நீ இல்லாத இந்த எட்டு மாதத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்படிக்கு,
உன் சொல்லைக் கேளாத மச்சாள்,
தவமணி