அலமாரிக்கு மேல் வைத்த தேத்தண்ணீர்

மாமி,

இன்று பின்னேரம் வீட்டுக்கு வந்த ஒருவருக்காக அம்மா இஞ்சி போட்டுத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். ஆவி முகத்தில் பட்டதும் என் கை தன்பாட்டில் தட்டை உயர்த்தி அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டது. வந்தவர் அண்ணாந்து பார்த்து, "என்ன பிள்ளை, எனக்குத் தாறியோ, சாமிக்குப் படைக்கிறியோ?" என்று கேட்டார். அம்மாவும் நானும் சிரித்துவிட்டோம். எங்கள் வீட்டில் இப்போது சின்னப் பிள்ளை யாருமில்லை. தம்பிக்கே எட்டு வயது. நீங்கள் கண்மூடி ஒரு மாரிகாலமும் போய்விட்டது. கை மட்டும் மறக்கவில்லை.

லண்டனில், வால்தம்ஸ்டோவில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்தீர்கள். அம்மா ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு வேலைக்குப் போகும்போது, அப்போது இரண்டு வயதான தம்பியை உங்களிடம் விடுவார். சம்பளத்துக்கு வீட்டில் பிள்ளை பார்ப்பதென்றால் கவுன்சிலில் பதிய வேண்டும் என்பது எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. பதிவு கிடைக்கும்வரை அவனை வைத்திருக்க ஏலாது என்று சொல்லிவிட்டீர்கள். அம்மா லீவு எடுத்தார். லீவு முடிவதற்குள் பதிவு வராவிட்டால் அவருக்கு வேலை இல்லை. உங்களுக்கோ, இந்த நாட்டில் உங்கள் பெயரில் கிடைக்கவிருந்த முதல் வேலை அது.

நான் நூலகத்தில் குழந்தைப் பாதுகாப்புப் பற்றி ஒரு புத்தகம் எடுத்துவந்தேன். பிள்ளையின் உயரத்தில் தவழ்ந்து வீட்டைப் பாருங்கள் என்று அதில் இருந்தது. வாசித்துக் காட்டினேன். "அப்ப தவழுவம்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டீர்கள்.

"உன்ரை அம்மா இப்ப வந்தாவெண்டா, ரெண்டு பேருக்கும் விசர் எண்டு சொல்லுவா."

"மாமி, அங்கை பிளக் பொயின்ற்!"

"கண்டிட்டன். மூடி வாங்குவம். இஞ்சை பார், சோபாவுக்குக் கீழை நான் துலைச்ச கரண்டி!"

ஹீற்றருக்குக் கம்பித் தடுப்பு வந்தது. மருந்துகள் பூட்டுக்குள் போயின. நிலத்தோடு இருந்த சாமிப் படங்களும் விளக்கும் அலமாரிக்கு மேல் ஏறின. "முருகனுக்கு உயரம் பழக்கம்தானே, கோவிக்கமாட்டார்" என்றீர்கள்.

கவுன்சில் அலுவலர் வந்த நாளில் அம்மா தம்பியையும் கூட்டிவந்தார். உங்களுக்காக நான் ஆங்கிலத்தில் பேசினேன். அந்த அம்மையார் எல்லா அறையும் பார்த்தார், தலையாட்டினார், எழுதினார். தம்பி அவருடைய காலடியில் தன் பிளாஸ்டிக் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் சரி என்று நான் மூச்சுவிடும் நேரத்தில் நீங்கள் குசினியிலிருந்து தட்டோடு வந்தீர்கள். கொதிக்கக் கொதிக்க இஞ்சித் தேத்தண்ணீர், சூடான உழுந்து வடை. வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பி உங்களுக்குப் பழக்கமில்லை. வழக்கம்போலத் தட்டைப் பதிந்த மேசையில், தம்பியின் மூக்குக்கு நேரே வைத்தீர்கள்.

அவன் கை நீண்டது. அலுவலர் அவனைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவருடைய பேனை நின்றது. நான் வாய் திறக்குமுன் உங்களுக்கு விளங்கிவிட்டது. தட்டு முருகனுக்குப் பக்கத்தில் ஏறியது.

அம்மா என் காதுக்குள், "மாமி வழக்கமா அப்பிடி வைக்கிறேல்லை, இண்டைக்கு மறந்துபோனா எண்டு சொல்லு" என்றார். உங்களுக்குக் கேட்டுவிட்டது.

"இல்லைப் பிள்ளை, அப்பிடிச் சொல்லாதை. ஆர் வந்தாலும் நான் உதிலைதான் வைக்கிறனான். பிழையெண்டு இப்பதான் தெரிஞ்சது. இனி வைக்கமாட்டன். உள்ளபடி சொல்லு."

அம்மாவின் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனாலும் உள்ளபடியே சொன்னேன். அலுவலர் அலமாரிக்கு மேலிருந்த தட்டை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "விருந்தாளி கோபித்தால்?" என்று கேட்டார்.

"கோவிச்சா, பிள்ளை நித்திரையானாப் பிறகு வரட்டும்."

நான் அதையும் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பதிவுக்குத் தான் சிபாரிசு செய்வதாகச் சொல்லி எழும்பினார். போகுமுன் தானாகவே எட்டி அந்தக் கோப்பையை எடுத்தார்.

"ஐயோ, ஆறிப்போச்சு, சுடவைச்சுத் தாறன் எண்டு சொல்லு!"

வேண்டாம் என்று கையசைத்து, நின்றபடியே குடித்து முடித்தார். வடையும் தின்றார். கதவு சாத்தியதும் நீங்கள் நிலத்தில் பொத்தென்று இருந்தீர்கள். "அப்பாடா" என்று அம்மா உங்கள் தோளில் சாய்ந்து அழுதார். தம்பி உங்கள் மடியில் ஏறினான். அம்மாவின் லீவு முடியுமுன்னே பதிவு வந்துவிட்டது.

சில கிழமைகளுக்கு முன்பு பல்கலைக்கழக நேர்முகத்தில், எனக்குப் பிடித்தது என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்த ஒரு புத்தகத்தைப் பற்றிக் கேட்டார்கள். அதன் கடைசி அத்தியாயம் எனக்கு விளங்கவேயில்லை. சுற்றி வளைக்க வசனங்கள் கைவசம் இருந்தன. "எனக்கு அது விளங்கவில்லை" என்றேன். அன்றைக்குப் போலவே, உள்ளபடி. அவர்கள் புன்னகைத்து, விளங்காத இடம் எது என்று கேட்டார்கள். அதன்பின் பேச்சு நன்றாகப் போனது.

இடம் கிடைத்துவிட்டது, மாமி. இன்று வந்தவர் அதற்காகத்தான் இனிப்போடு வந்தார். அலமாரிக்கு மேலிருந்து கோப்பையை இறக்கிக் கொடுத்தேன். ஆறிப்போயிருந்தது. நின்றபடியே குடித்து முடித்தார்.